கைப்பேசியை வாங்கி வைத்தாலும் நிற்காத கனவு

மனநலப் பிரிவுக்கு இளையோரை அழைத்து வரும் பெற்றோர் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "எந்நேரமும் போனும் கையுமாகவே இருக்கிறான், டாக்டர்." அடுத்து, அதற்காக வீட்டில் எடுத்த நடவடிக்கைகளை அடுக்குவார்கள். வைஃபை இணைப்பு துண்டிக்கப்பட்டது, கைப்பேசி பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டது, ரீசார்ஜ் நிறுத்தப்பட்டது. அவற்றால் பயன் கிடைத்ததா என்று கேட்டால், சிலர் சற்றுத் தயங்கி வேறொரு செய்தியைச் சொல்வதுண்டு. கைப்பேசி இல்லாத நேரத்திலும் பிள்ளை படிப்பின் பக்கம் திரும்பவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அறைக்குள் அங்குமிங்கும் நடக்கிறான். தனக்குள் சிரித்துக்கொள்கிறான். உதடுகள் அசைகின்றன.

முதலில் சொன்ன குறையைவிட இந்த இரண்டாவது செய்தி மருத்துவருக்கு முக்கியமானது. கட்டுப்பாடற்ற இணையப் பயன்பாட்டுக்குப் பின்னால் சில வேளைகளில் மிகையான பகற்கனவு மறைந்திருக்கிறது. கைப்பேசியைப் பூட்டி வைக்கலாம். கனவைப் பூட்டி வைக்க இயலாது. இரண்டும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதையும், குடும்பத்தார் எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பகற்கனவு நோயன்று

மனக்கோட்டை கட்டுதல், மனப்பால் குடித்தல் என்று நம் பேச்சு வழக்கில் சற்று ஏளனமாகவே சொல்லப்பட்டாலும், பகற்கனவு மனித மனத்தின் இயல்பான செயலே. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் சிங்கர் 1960களில் இதனை முறையாக ஆராய்ந்தார். எதிர்காலத்தைத் திட்டமிடவும், புதியனவற்றைக் கற்பனை செய்யவும், சலிப்பைத் தாங்கவும் பகற்கனவு உதவுகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதே வேளையில், குற்றவுணர்வும் அச்சமும் நிறைந்த பகற்கனவும், எதிலும் நிலைகொள்ளாது அலையும் கவனமும் வேறு வகையைச் சேர்ந்தவை என்றும் அவர் பிரித்துக் காட்டினார்.

2001ஆம் ஆண்டில் நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்கலும் அவருடைய குழுவினரும், நாம் புறவேலை எதிலும் ஈடுபடாதபோது மூளையின் சில பகுதிகள் ஓய்வடையாமல் ஒன்றிணைந்து இயங்குவதை விளக்கினர். பழைய நினைவுகளை அசைபோடுவது, நம்மைப் பற்றி எண்ணுவது, நாளை நடக்கவிருப்பதைக் கற்பனை செய்வது ஆகியவற்றில் இந்தப் பகுதிகளுக்குப் பங்கு உண்டு. அதாவது, மனம் அலைவது மூளை பழுதடைந்ததன் அறிகுறியன்று.

நம்மில் எவரும் இதற்கு விதிவிலக்கில்லை. 2010இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசிச் செயலி வழியாக, "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டனர். கேட்கப்பட்ட தருணங்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. இனிமையானவற்றை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்யும் வேலையில் மனம் ஒன்றியிருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியுடன் இருக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

எப்போது அது எல்லை மீறுகிறது?

இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் எலி சோமர், 2002இல் தம்மிடம் சிகிச்சை பெற்ற ஆறு பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார. அவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கற்பனை உலகில் கழித்தனர். அதனால் படிப்பும் வேலையும் உறவுகளும் பாதிக்கப்பட்டிருந்தன. இத்தகைய பகற்கனவுக்கு அவர் தனிப்பெயர் ஒன்றைச் சூட்டினார். வாழ்க்கையோடு பொருந்திப் போகாத பகற்கனவு என்பது அப்பெயரின் பொருள். எளிமை கருதி இங்கே அதனை மிகைப் பகற்கனவு என்று குறிப்பிடுவோம்.

இதன் இயல்புகள் சாதாரணப் பகற்கனவிலிருந்து வேறுபட்டவை. கற்பனை ஒரு தொடர்கதையைப்போல் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதில் நிலையான பாத்திரங்கள் உண்டு. ஊரும் வீடும் உறவுகளும் உண்டு. கனவு காண்பவர் அதில் தாம் விரும்பியவாறு இருக்கிறார்: அழகுடன், திறமையுடன், எல்லோராலும் மதிக்கப்படுபவராக. பலருக்கு ஒரு குறிப்பிட்ட பாட்டு அல்லது இசை அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. முன்னும் பின்னும் நடப்பது, உடலை ஆட்டுவது, கையில் ஒரு பொருளை வைத்துச் சுழற்றுவது போன்ற அசைவுகள் உடன் நிகழ்கின்றன. இடையில் எவரேனும் அழைத்தால் கடும் எரிச்சல் உண்டாகிறது. நிறுத்த வேண்டும் என்று எண்ணினாலும் நிறுத்த முடிவதில்லை. பின்னர் வெட்கம் வருகிறது; எவரிடமும் சொல்ல முடியாத இரகசியமாக அது மாறிவிடுகிறது.

குடும்பத்தார் இவ்விடத்தில் அஞ்சுவது ஒன்று உண்டு: "பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" இந்த ஐயத்தைத் தெளிவுபடுத்துவது அவசியம். மிகைப் பகற்கனவு உடையவர், தாம் காண்பது கற்பனையே என்பதை எப்போதும் அறிந்திருக்கிறார். மனச்சிதைவு நோயில் அந்த அறிவு மங்கிவிடுகிறது. அந்நோயாளி பிறருக்குக் கேளாத குரல்களை உண்மையெனக் கேட்கிறார். தம்மை எவரோ கண்காணிப்பதாகவோ தீங்கு செய்ய முயல்வதாகவோ அசையாத நம்பிக்கை கொள்கிறார். வெளியே இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். இரண்டிலும் தனக்குள் பேசுவதும் சிரிப்பதும் உண்டு. உள்ளே நிகழ்வது முற்றிலும் வேறு. ஆகவே வீட்டிலிருந்தபடியே எந்த முடிவுக்கும் வந்துவிடாமல் மருத்துவரிடம் பேசுவதே முறை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பிலும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் மிகைப் பகற்கனவு தனி நோயாக இன்னும் சேர்க்கப்படவில்லை. எனவே உங்கள் மருத்துவச் சீட்டில் இந்தப் பெயரை நீங்கள் காணாமல் இருக்கலாம். அதனால் துன்பம் பொய்யென்று ஆகிவிடாது. ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள்.

மணிக்கணக்கு மட்டும் அளவுகோலாகாது

இணையப் பயன்பாடு எப்போது சிக்கலாகிறது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று கோடு கிழித்துவிட முடியாது. கணினித் துறையில் பணிபுரிபவர் பத்து மணி நேரம் இணையத்தில் இருக்கலாம். அது அவருடைய தொழில். மருத்துவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். நிறுத்த நினைக்கும்போது நிறுத்த முடிகிறதா? உணவு, உறக்கம், படிப்பு, வேலை, மனிதத் தொடர்பு ஆகியவற்றையெல்லாம் இணையம் பின்னுக்குத் தள்ளிவிட்டதா? கேடு விளைகிறது என்று தெரிந்த பின்னும் அது தொடர்கிறதா? உலக சுகாதார நிறுவனம், 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வகைப்பாட்டில், மின்விளையாட்டுக் கோளாறை இம்மூன்று அடிப்படைகளிலேயே வரையறுத்துள்ளது. அந்நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. சமூக ஊடகம், காணொளி போன்ற பிற பயன்பாடுகளுக்குத் தனி நோய்ப்பெயர் இல்லையெனினும், அதே கேள்விகள் அங்கும் பயன்படுகின்றன.

இரண்டையும் பிணைக்கும் கண்ணிகள்

முதல் கண்ணி, கைப்பேசி கனவுக்கு விறகாவது. மிகைப் பகற்கனவு உடைய பலருக்கு இசையே தூண்டுகோல் என்று பார்த்தோம். முன்பெல்லாம் வானொலியில் அந்தப் பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டை நூறு முறை கேட்கலாம். கனவுக்குத் தேவையான முகங்களும் காட்சிகளும் உரையாடல்களும் திரைப்படத் துணுக்குகளிலும் தொடர்களிலும் விளையாட்டுகளிலும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தால் அதே போன்ற பத்து தாமாகவே வந்து நிற்கின்றன. கனவு காண்பவர், தம் கதையின் நாயகனைப் போன்ற ஒருவரை இணையத்தில் தேடுகிறார். தேடியது மீண்டும் கனவை வளர்க்கிறது. ஹங்கேரியில் 437 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், புகழ்பெற்றவர்கள்மீது மிகுந்த ஈடுபாடு கொண்டவர்களிடம் சிக்கலான இணையப் பயன்பாடும் மிகைப் பகற்கனவும் கூடுதலாகக் காணப்பட்டன. இவை ஒருசேரக் காணப்படுகின்றன என்பதையே இத்தகைய ஆய்வுகள் காட்டுகின்றன; எது காரணம், எது விளைவு என்பதை அவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

இரண்டாவது கண்ணி, இரண்டுக்கும் பொதுவான புகலிடத் தேவை. தனிமை, தோல்வி அச்சம், வீட்டுப் பூசல், சிறு வயதில் நேர்ந்த கொடுமை, உருவத்தைப் பற்றிய கேலி ஆகியவற்றிலிருந்து ஒதுங்க மனம் ஓரிடத்தைத் தேடுகிறது. சிலருக்கு அது திரை, சிலருக்குக் கற்பனை, பலருக்கு இரண்டும். வாழ்க்கையில் கிடைக்காததை ஈடுசெய்துகொள்ளவே மக்கள் இணையத்தை அளவு மீறி நாடுகின்றனர் என்று 2014இல் டேனியல் கார்டெஃபெல்ட்-வின்தெர் என்ற ஆய்வாளர் வாதிட்டார். அவர் சொன்ன கருத்து பகற்கனவுக்கும் பெரிதும் பொருந்துகிறது.

மூன்றாவது கண்ணி, கவனத்தைக் கட்டுப்படுத்துவதில் உள்ள குறைபாடு. சோமரும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மிகைப் பகற்கனவு உடைய 39 பேரை நேரில் விரிவாக விசாரித்தனர். அவர்களுள் ஏறத்தாழ 77 விழுக்காட்டினருக்குக் கவனக்குறைவுக் கோளாறும், 72 விழுக்காட்டினருக்குப் பதற்ற நோயும், 67 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோயும் இருந்தன. பாதிக்கு மேற்பட்டோருக்கு, விரும்பாத எண்ணங்கள் மீண்டும் மீண்டும் வந்து வருத்தும் எண்ணச் சுழற்சி நோயோ அதனைச் சார்ந்த கோளாறோ காணப்பட்டது. சிறிய ஆய்வே எனினும், அது சொல்லும் செய்தி மருத்துவர்களுக்கு முக்கியமானது: மிகைப் பகற்கனவு பெரும்பாலும் தனியே வருவதில்லை. மேற்கண்ட நோய்கள் கட்டுப்பாடற்ற இணையப் பயன்பாட்டோடும் சேர்ந்தே காணப்படுபவை.

நான்காவது, இவையெல்லாம் சேர்ந்து உருவாக்கும் சுழல். கனவிலும் திரையிலும் நேரம் கழிகிறது, செய்ய வேண்டியவை தேங்குகின்றன, குற்றவுணர்வு பெருகுகிறது, அந்த வேதனையிலிருந்து தப்ப மீண்டும் அதே இடத்துக்கே மனம் ஓடுகிறது. 2018இல் நிரித் சோஃபர்-டூடெக்கும் சோமரும் 77 பேரைப் பதினான்கு நாள்கள் தொடர்ந்து குறிப்பெழுதச் செய்தனர். எந்த நாள்களில் பகற்கனவு மிகுந்திருந்ததோ, அந்த நாள்களில் எதிர்மறை உணர்வுகளும் மற்ற மனநல அறிகுறிகளும் மிகுந்திருந்தன. கனவு இனிமையாகத் தோன்றினாலும், நாளின் முடிவில் அது இனிமையை விட்டுச் செல்வதில்லை.

இவற்றிலிருந்து ஒரு நடைமுறை உண்மை புலப்படுகிறது. கைப்பேசியில் பதிவாகும் திரைநேரத்தை மட்டும் பார்த்து நாம் ஏமாறக்கூடும். ஆறு மணி நேரம் பாட்டு ஓடியிருக்கலாம். அதில் பெரும்பகுதி நேரம் கண்கள் திரையைப் பார்த்திருக்கவே மாட்டா.

ஓர் எடுத்துக்காட்டு

பல நோயாளிகளின் வரலாறுகளில் பொதுவாகக் காணப்படுபவற்றைத் தொகுத்து ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவது விளக்கத்துக்கு உதவும். இது தனியொருவருடைய கதையன்று.

சிற்றூர் ஒன்றில் தமிழ் வழியில் படித்து, நல்ல மதிப்பெண்களுடன் நகரத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். வகுப்பில் ஆங்கிலம் புரியவில்லை, கேட்கக் கூச்சம், விடுதி அறையில் உடனிருப்பவர்களோடு ஒட்டவில்லை. மாலையில் மொட்டை மாடியில் பாட்டுக் கேட்டபடி நடப்பது மட்டுமே ஆறுதல். அந்த நடையில் அவள் புகழ்பெற்ற பாடகி, அரங்கம் நிறைந்திருக்கிறது, வகுப்பில் அவளைக் கண்டுகொள்ளாதவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இரவில் பாடகர்களின் பேட்டிகளை இரண்டு மணிவரை பார்க்கிறாள். காலை வகுப்பில் உறங்குகிறாள். முதல் பருவத்தில் இரண்டு அரியர். அடுத்த பருவத்தில் நான்கு. வீட்டில் சொல்லவில்லை.

விடுமுறையில் உண்மை தெரிந்ததும் தந்தை கைப்பேசியைப் பறித்துக்கொள்கிறார். அவள் இப்போது பாட்டே இல்லாமல் கொல்லைப்புறத்தில் மணிக்கணக்கில் நடக்கிறாள், வாய் முணுமுணுக்கிறது. காற்றுக் கருப்பு அண்டியிருக்குமோ என்று அஞ்சிய பாட்டி மந்திரிக்க அழைத்துச் செல்கிறார். இரண்டு மாதங்கள் கழித்தே மருத்துவமனைக்கு வருகிறார்கள். பெற்றோரை வெளியே அமரச் செய்து தனியே கேட்டபோதுதான், ஆறு மாதங்களாக உறக்கமும் பசியும் இல்லை என்பதும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் அடிக்கடி வருவதும் வெளிப்படுகின்றன. கைப்பேசிப் பழக்கம் என்று எல்லோரும் நினைத்ததன் அடியில் இருந்தது மனச்சோர்வு நோய்.

சிகிச்சையின் முதற்படி அந்த மனச்சோர்வுக்கே. கூடவே, பாடங்களைத் தமிழில் விளக்க ஒரு மூத்த மாணவி ஏற்பாடு செய்யப்படுகிறார். கைப்பேசி திருப்பித் தரப்படுகிறது. இரவு பத்து மணிக்குமேல் அது அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை அவளே ஒப்புக்கொள்கிறாள். நடை தொடர்கிறது, ஹெட்செட் இல்லாமல், ஒரு தோழியோடு. ஆறு மாதங்களில் கனவு முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. ஆனால் நாளுக்கு ஐந்து மணி நேரமாக இருந்தது ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிறது. அரியர் ஒவ்வொன்றாகக் குறைகிறது. இத்தகைய முன்னேற்றத்தையே நாம் எதிர்பார்க்க வேண்டும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

முதலாவது, கேள்வியை மாற்றுங்கள். "எத்தனை மணி நேரம் பார்த்தாய்?" என்று கேட்பதைவிட, "இப்போதெல்லாம் எந்த நேரம் உனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது?" என்று கேட்பது பயன் தரும். முதற்கேள்விக்குப் பொய்யான விடை கிடைக்கலாம். இரண்டாவதற்கு, உடனே இல்லாவிட்டாலும், ஒரு நாள் உண்மையான விடை கிடைக்கும்.

இரண்டாவது, கனவின் கதையைக் கேட்டுத் துருவாதீர்கள். அது அவர்களுடைய மிக அந்தரங்கமான இடம். "என்னம்மா, தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்?" என்று உறவினர் முன்னிலையில் கேட்பது, அவர்களை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளிவிடும். அதேபோல், அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, திடீரென்று முழுமையாகத் தடை விதிக்காதீர்கள். தடையால் திரை மறையும். தப்பிக்கும் தேவை மறைவதில்லை. சிலருக்கு வெளியுலகத்தோடு எஞ்சியிருக்கும் ஒரே தொடர்பும் கைப்பேசியாகவே இருக்கும். படுக்கையறையில் இரவுநேரக் கைப்பேசி வேண்டாம், உணவு வேளையில் வேண்டாம் என்பன போன்ற இரண்டு மூன்று விதிகள் போதும். அவை பெற்றோர் உட்பட வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

நான்காவது, வெற்றிடத்தை நிரப்புங்கள். கைப்பேசியிலிருந்து மீட்ட இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு விடை இல்லையென்றால், அந்த நேரத்தைக் கனவு எடுத்துக்கொள்ளும். சேர்ந்து சமைப்பது, கடைக்குச் செல்வது, மாலை விளையாட்டு, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித் தருவது என்று கையும் பேச்சும் சேர்ந்து ஈடுபடும் வேலைகள் சிறந்தவை.

நோயாளர் தாமே செய்யக்கூடியவை

ஒரு சிறு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை இரண்டு வாரங்கள் எழுதி வாருங்கள்: கனவு தொடங்கிய நேரம், அதற்குச் சற்று முன் நிகழ்ந்தது, அது நீடித்த அளவு, முடிந்த பின் இருந்த மனநிலை. கதையை எழுத வேண்டாம். எழுதினால் அது மேலும் வளரும். இரண்டு வாரங்களில் உங்கள் தூண்டுகோல்கள் எவை என்பது உங்களுக்கே தெரியும். குறிப்பிட்ட சில பாட்டுகளா, தனியே இருக்கும் மாலை நேரமா, ஒரு தேர்வு அறிவிப்பா, வீட்டில் எழுந்த ஒரு சண்டையா என்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, தூண்டுகோலுக்கும் கனவுக்கும் இடையே சிறு தடைகளை வையுங்கள். நடக்கும்போது ஹெட்செட் வேண்டாம். கனவைத் தூண்டும் பாட்டுகளைத் தனியே இருக்கும்போது கேட்க வேண்டாம். காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாக ஓடும் வசதியை நிறுத்தி வையுங்கள். கனவில் மூழ்கியிருப்பதை உணர்ந்ததும் உங்களைத் திட்டிக்கொள்ளாமல், கால் தரையில் படுவதையும் மூச்சு உள்ளே வந்து வெளியே செல்வதையும் ஒரு நிமிடம் கவனித்துவிட்டு, கையிலிருந்த வேலைக்குத் திரும்புங்கள். ஒரு நாளில் இருபது முறை இவ்வாறு திரும்ப நேர்ந்தாலும் அது தோல்வியன்று. அந்தத் திரும்புதலே பயிற்சி.

உங்கள் கற்பனை வளத்தை எதிரியாகக் கருத வேண்டாம். அது எழுத்தாகவோ ஓவியமாகவோ இசையாகவோ வெளியே வந்து பிறர் காணக்கூடியதாக மாறினால் நன்மையே. சிகிச்சை உங்கள் கற்பனையை அழித்துவிடாது. எப்போது உள்ளே செல்வது, எப்போது வெளியே வருவது என்ற அதிகாரத்தை உங்களிடம் மீட்டுத் தருவதே அதன் நோக்கம்.

மருத்துவமனையில் என்ன செய்வோம்?

முதலில் விரிவாகப் பேசுவோம். நோயாளரிடம் தனியாகவும், பின்னர் குடும்பத்தாரோடு சேர்த்தும். மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு, எண்ணச் சுழற்சி நோய், பழைய மனக்காயங்கள் ஆகியவை உள்ளனவா என்று பார்ப்போம். சிறுவர்கள் சில நொடிகள் வெறித்துப் பார்த்து, தொட்டு அழைத்தாலும் உணராமல் இருந்து, பின்னர் அது நினைவில்லை என்றால், அது பகற்கனவாக இல்லாமல் ஒருவகை வலிப்பு நோயாக இருக்கலாம். அத்தகையோரை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பி, மூளை மின்னலைப் பரிசோதனை செய்யப் பரிந்துரைப்போம்.

உடனிருக்கும் நோய்க்குச் சிகிச்சை அளிப்பதே பெரும்பாலும் முதற்படி. மிகைப் பகற்கனவுக்கென்று ஏற்பளிக்கப்பட்ட தனி மருந்து இன்று இல்லை. ஃப்ளூவோக்சமைன் என்னும் மருந்தால் ஒரு நோயாளிக்குப் பலன் கிடைத்ததாக 2009இல் வெளியான கட்டுரை தெரிவிக்கிறது. ஒருவருடைய அனுபவம் எல்லோருக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது. எனவே எந்த மருந்தையும் மருந்துக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். உளவியல் சிகிச்சையில் நம்பிக்கை தரும் முன்னேற்றம் உண்டு. கவனத்தை நிகழ்காலத்தில் நிறுத்தும் தியானப் பயிற்சியும், மேலே கூறிய குறிப்பெழுதும் முறையும் சேர்ந்து மிகைப் பகற்கனவைக் குறைப்பதாக 2023இல் வெளியான, பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பயிற்சி முழுவதும் இணையம் வழியாகவே அளிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. இணையத்தை நாம் முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. பயன்படுத்தும் விதத்தை மாற்றினால் போதும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம்:

- சாவதைப் பற்றிய பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்.
- இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறுதல், எவரோ தீங்கு செய்வதாக உறுதியாக நம்புதல்.
- பல நாள்கள் உறக்கமோ உணவோ இன்றி இருத்தல், அறையை விட்டு வெளியே வர மறுத்தல்.
- கைப்பேசியை வாங்கியதும் கட்டுக்கடங்காத சினம், வன்முறை.
- நொடிப்பொழுது நினைவிழத்தல், கண் இமைகள் துடித்தல்.

இத்தகைய நிலையில் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அதுவரை நோயாளரைத் தனியே விடாதீர்கள். நேரில் வர இயலாதபோது, அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416ஐ இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அவசரம் இல்லாதவர்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, இரண்டு வாரக் குறிப்பேடு, இதுவரை உட்கொண்ட மருந்துகளின் சீட்டு, கல்வி அல்லது பணி தொடர்பான தகவல்கள் ஆகியவற்றை உடன் கொண்டு வாருங்கள். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிள்ளை தயங்கினால், "கைப்பேசிப் பழக்கத்துக்காக" என்று கூறியே அழைத்து வரலாம். மற்றவற்றை உரிய நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வோம். அவர்கள் கூறும் அந்தரங்கச் செய்திகள், உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர வேறெந்தச் சூழலிலும், அவர்களுடைய இசைவின்றி உங்களிடம்கூடத் தெரிவிக்கப்பட மாட்டா. இதனை வீட்டிலேயே அவர்களிடம் சொல்லி அழைத்து வந்தால், எங்கள் பணியில் பாதியை நீங்கள் செய்து முடித்தவர்கள் ஆவீர்கள்.